தண்ணீர் சுமந்தவரின் தலைமை

காற்பந்தாட்டம் காணக் கூடும் மக்களின் கண்கள் பெரும்பாலும் ஒருவனையே தொடர்கின்றன. அவன் பந்தை வலைக்குள் அடிப்பவன். அப்பந்தை எதிரியின் காலினின்றும் மீட்டவன் யார், மீட்டதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாது தக்கவனுக்கு உடனே அளித்தவன் யார், அளித்தபின் திறந்து கிடந்த இடத்தைக் காக்க ஓடியவன் யார் என்று வினவுவார் மிகச் சிலர். புகழ் ஒருவனுக்கும் வியர்வை மற்றவர்க்குமாகப் பங்கிடப்படும் இவ்வழக்கம் வாழ்க்கையின் பல துறைகளிலும் உண்டு. இவ்வழக்கம் எத்துணைப் பிழைபட்டதென்பதைப் பிரெஞ்சு நாட்டுக் காற்பந்து வீரரும் பயிற்சியாளருமாகிய டிடியே டெஷாம் என்பாரின் வரலாறு நன்கு விளக்குமென்பது என் துணிபு.

டெஷாம் 1968ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள், பிரான்சின் தென்மேற்குக் கோடியிலுள்ள பயோன் நகரிற் பிறந்தவர். இளம்பருவத்திலேயே நாந்த் கழகத்தின் பயிற்சிக்கூடத்திற் சேர்ந்து, 1985இல் அக்கழகத்தின் முதலணியில் ஆடத் தொடங்கினார். பின்னர் மார்செய், போர்தோ, இத்தாலியின் யுவென்டஸ், இங்கிலாந்தின் செல்சி, ஸ்பெயினின் வலென்சியா ஆகிய கழகங்களில் ஆடி 2001இல் ஓய்வு பெற்றார். அவர் நெடிய உடலினர் அல்லர். மின்னல் வேகம் படைத்தவரும் அல்லர். காண்போர் மயங்கப் பந்தைச் சுழற்றும் வித்தையும் அவரிடம் இல்லை. தம் நாட்டிற்காக 103 ஆட்டங்கள் ஆடிய அவர் அடித்த கோல்கள் 4 மட்டுமே. எண்ணிக்கையை மட்டும் நோக்குவார்க்கு, இவர் எங்ஙனம் பெரியவராவார் என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

அவ்வையத்திற்குரிய விடை அவர் நின்று ஆடிய இடத்திலேயே உள்ளது. நடுக்களத்தில், காப்பு வரிசைக்குச் சற்று முன்னே நிற்பவர் இரு திசையும் நோக்கக் கடமைப்பட்டவர். தாக்கச் சென்ற தம்மவர் எங்குளர், காப்போர் எவ்விடத்தைத் திறந்துவிட்டனர், எதிரணியார் அடுத்து எவ்வழி வருவர் என்பனவற்றையெல்லாம் ஒருங்கே மனத்திற் கொண்டு அவர் அடியெடுத்து வைக்க வேண்டும். அவர் பணி செவ்வனே நடக்குங்கால் ஒன்றும் நிகழாதது போலத் தோன்றும். தவறும்போது மட்டுமே அஃது அனைவர் கண்ணுக்கும் புலப்படும். இத்தகைய இடத்தில் நின்று பழகிய டெஷாம், 24ஆம் வயதில் மார்செய் அணிக்குத் தலைவராய், 1993 மே 26ஆம் நாள் மியூனிக் நகரில் மிலான் கழகத்தை 1–0 என வென்று ஐரோப்பியக் கோப்பையைக் கையிலேந்தினார். பிரெஞ்சுக் கழகமொன்று அக்கோப்பையைப் பெற்றது அதுவே முதன்முறை. ஆயினும் அவ்வெற்றியின் மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. அதற்குச் சில நாள் முன்னர் நடந்த உள்நாட்டு ஆட்டமொன்றில் எதிரணியார் சிலர்க்குக் கழக நிருவாகத்தினரால் கையூட்டு அளிக்கப்பட்டமை வெளிப்படவே, மார்செய் அவ்வாண்டின் பிரெஞ்சுப் பட்டத்தை இழந்தது. 1994இல் இரண்டாம் பிரிவிற்கும் தாழ்த்தப்பட்டது. டெஷாம் யுவென்டஸ் சென்று, 1996இல் மறுமுறையும் ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றார்.

நாட்டணியிலும் அவர் கண்ட துயர் சிறிதன்று. 1993 நவம்பர் 17ஆம் நாள் பாரிஸ் நகரிற் பல்கேரியாவோடு ஆடிய ஆட்டம் சமனாய் முடிந்திருப்பினும் பிரான்ஸ் அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்குச் சென்றிருக்கும். ஆனால் இறுதி நிமிடத்திற் பல்கேரியரின் கோஸ்டடினோவ் அடித்த கோலால் எல்லாம் பாழாயிற்று. அதன்பின் பயிற்சியாளரான எமே ஜாக்கே அணியைப் புதிதாய் அமைத்துத் தலைமையை டெஷாமிடம் ஒப்புவித்தார். அணிக்கு வெளியே நின்ற எரிக் கான்டொனா என்னும் பெருவீரர் 1996இல் டெஷாமைத் ‘தண்ணீர் சுமப்பவர்’ என்று இகழ்ந்தார். வல்லவர் ஆட, அவர்க்கு ஏவல் செய்பவர் என்பது அதன் கருத்து. 1998 ஜூலை 12ஆம் நாள், பாரிஸை அடுத்த சான் தெனி அரங்கில் பிரேசிலை 3–0 என வென்று பிரான்ஸ் முதன்முறையாக உலகக் கோப்பையைப் பெற்றபோது, சிடான் இரண்டும் பெத்தி ஒன்றும் கோலடித்தனர். கோப்பையை உயர்த்தியவர் தண்ணீர் சுமந்தவரே. 2000ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகளின் கோப்பையும் அவர் தலைமையிலேயே கிடைத்தது. கோடை வெயிலில் வயலில் நின்று உழைத்தார், தண்ணீர் கொணர்வாரை இகழார்.

பயிற்சியாளரான பின்னரும் அவர் எளிய வழியையே நாடினாரல்லர். மொனாக்கோ அணியை 2004இல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் வரை கொண்டுசென்று, போர்த்தோவிடம் 3–0 எனத் தோற்றார். 2006இல் நடுவர் நியமனம் பற்றிய ஊழலால் யுவென்டஸ் இரண்டாம் பிரிவிற்குத் தள்ளப்பட்டு, 9 புள்ளிகளும் குறைக்கப்பட்ட நிலையில், அப்பொறுப்பை ஏற்று அதனை முதற்பிரிவிற்கு மீட்டார். 2010இல் மார்செய்க்கு 18 ஆண்டுகளுக்குப்பின் பிரெஞ்சுப் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். 2012 ஜூலைத் திங்களில் நாட்டணியின் பயிற்சியாளரானார். இரண்டாண்டிற்கு முன்னர்த் தென்னாப்பிரிக்காவில் வீரர்கள் பயிற்சிக்கு வர மறுத்து நாட்டிற்குத் தலைகுனிவை உண்டாக்கியிருந்த அணி அது.

அவர் கருத்து யாதென்பதை 2018ஆம் ஆண்டு உலகக் கோப்பை தெளிவாக்கியது. ரஷ்யாவில் ஆஸ்திரேலியாவோடு ஆடிய முதலாட்டத்தில் எம்பாப்பே, கிரீஸ்மன், டெம்பெலே என்னும் விரைந்த மூவரை முன்னிறுத்தினார். பிரான்ஸ் வென்றதாயினும் ஆட்டம் ஒழுங்குபடவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஜிரூ நடுவே வந்தார். நடுக்களத்தாராகிய மத்துய்தி இடப்புறம் நிறுத்தப்பட்டார். ஜிரூ அத்தொடர் முழுவதும் ஒரு கோலும் அடிக்கவில்லை. எனினும் எதிரணிக் காப்போரைத் தம் உடலால் தாங்கி நின்று பந்தைப் பின்வருவார்க்கு அளித்தமையால் டெஷாம் அவரை விலக்கினாரில்லை. மத்துய்தியும் கான்டேயும் பின்புறத்தைக் காத்தமையாலன்றோ, பத்தொன்பது வயதினரான எம்பாப்பே அர்ஜென்டினாவிற்கெதிரே அங்ஙனம் தடையின்றிப் பறந்து இரண்டு கோல்கள் அடித்தார்! ஜூலை 15ஆம் நாள் மாஸ்கோவில் குரோஷியாவை 4–2 என வென்று பிரான்ஸ் மறுமுறையும் உலகக் கோப்பையைக் கைக்கொண்டது.

இனி, மறுப்போர் கூறுவதையும் கேட்டல் வேண்டும். டெஷாமின் அணி வெல்கின்றது, ஆனால் மகிழ்விக்கவில்லை என்பர் அவர். 2018 அரையிறுதியிற் பிரான்சிடம் 1–0 எனத் தோற்ற பெல்ஜியத்தின் ஹசார்ட், அவ்வாறு ஆடி வெல்வதினும் தம் அணியோடு தோற்பதே மேல் என்னும் கருத்துப்படப் பேசினார். இக்கூற்றை எளிதிற் புறந்தள்ளலாகாது. 2016இல் தம் நாட்டிலேயே நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில், ரொனால்டோ காயமுற்றுத் தொடக்கத்திலேயே வெளியேறிய போர்த்துகல் அணியைப் பிரான்ஸ் வெல்ல இயலாது 1–0 எனத் தோற்றது. 2021இல் சுவிட்சர்லாந்திற்கெதிரே 3–1 என முன்னின்றும், அதைக் காவாது, பெனால்டியில் வீழ்ந்தது. அடக்கமாய் ஆடுதலே வெற்றிக்கு உறுதியளிக்குமாயின் இத்தோல்விகள் நேர்ந்திரா. இவ்வளவும் உண்மையே.

ஆயின் ஒழுங்கு அழகிற்குப் பகையென்னும் அடிப்படையை நான் ஒப்புதற்கில்லை. கரையில்லா ஆறு விரைந்தோடுவதில்லை, பரந்து வற்றிப்போம். எம்பாப்பேயின் ஓட்டத்தை அழகென்று போற்றுவார், அவ்வோட்டத்திற்கு வழி விட்டாரையும் அவ்வழகிற் பங்குடையராகக் கொள்ளல் வேண்டும். டெஷாம் அஞ்சி ஆடுபவர் என்பதும் முற்றும் பொருந்தாது. 2022 டிசம்பர் 18ஆம் நாள் கத்தாரில் அர்ஜென்டினாவோடு நிகழ்ந்த இறுதியாட்டத்திற் பிரான்ஸ் 2–0 எனப் பின்தங்கியபோது, இடைவேளைக்கு முன்னரே ஜிரூ, டெம்பெலே இருவரையும் அவர் வெளியேற்றினார். பின்னர் கிரீஸ்மனையும் மாற்றினார். அவ்வாட்டம் 3–3 எனச் சமனாகிப் பெனால்டியிலேயே கைவிட்டுப் போயிற்று. அத்தொடரில், போக்பாவும் கான்டேயும் காயத்தால் வாராமையின், கோலடித்துப் பழகிய கிரீஸ்மனே நடுக்களத்தில் நின்று பந்தை மீட்டும் பிறர்க்களித்தும் ஆடினார். தண்ணீர் சுமத்தல் இழிதொழில் அன்றென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

வீரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையைப் பெற்றவர்களில் டெஷாம் மூன்றாமவர். அவர்க்கு முற்பட்டவர் பிரேசிலின் சகாலோவும் ஜெர்மனியின் பெக்கன்பவரும். இவ்விருவரும் 2024 ஜனவரித் திங்களிற் காலமாயினர். சகாலோ ஓயாது முன்னும் பின்னும் ஓடிப் பிறர்க்குதவியமையாற் ‘சிற்றெறும்பு’ எனப் பெயர் பெற்றவர். பெக்கன்பவரோ ஆட்டத்தின் நளினத்திற்கே புகழ்பெற்றவர். ஆகவே உதவி நின்றவரே தலைவராவர் என்று விதி வகுக்க நான் துணியேன். உதவி நிற்றலும் தலைமைக்குரிய கல்வியே என்பதே யான் கூற விழைவது. 2026 உலகக் கோப்பைக்குப்பின் தம் பதவியினின்றும் விலகுவதாக டெஷாம் 2025 ஜனவரியில் அறிவித்தார். அவர்தம் கோப்பைகளை எண்ணிப் போற்றுவார் பலர் உளர். அடுத்து ஓர் ஆட்டத்தைக் காணும் நண்பர்கள், கோலடித்தவனைப் பாராட்டியபின், அப்பந்து அவனிடம் எவ்வாறு வந்ததென்று ஒருமுறை வினவுவாராயின், அதுவே அவர்க்குச் செய்யும் தக்க மரியாதையாகும்.