இரத்தத்திலும் ஜாதியா?

அமெரிக்காவில் கறுப்பு மக்களிடையே இரத்தக் கொதிப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும், அதற்குப் பிள்ளைப் பருவத்திலேயே விதை ஊன்றப்பட்டுவிடுகின்றது என்பதும் உண்மையே. நாம் அதை மறுக்க வரவில்லை. ஆனால் காரணம் கேட்டால், "அது அவர்கள் இனத்து இரத்தத்தின் கூறு" என்று வெகு சுலபமாய்ச் சொல்லிக் கையைக் கழுவிக் கொள்ளுகின்றார்களே, அதைத்தான் நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிரமாவின் காலில் பிறந்தவன் என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

இதற்கு ஒரு புராணமும் கட்டினார்கள். அடிமைக் கப்பலில் தாகத்தாலும் பேதியாலும் பலர் மாண்டுபோக, உடம்பில் உப்பைத் தேக்கி வைக்கக் கூடியவர்களே பிழைத்தார்களாம். அவர்களுடைய சந்ததிக்கு அதனால்தான் கொதிப்பாம்! அடிமை வியாபாரத்தை ஆராய்ந்த பிலிப் கர்ட்டின் என்னும் சரித்திராசிரியர், இக்கதைக்கு ஆதாரமில்லை என்று 1992லேயே எழுதிவிட்டார். 2005ல் ரிச்சர்ட் கூப்பர் முதலியவர்கள் பல தேசத்துப் பெரியவர்களின் கணக்குகளை ஒன்றாய் வைத்துப் பார்த்தார்கள். நைஜீரியாக் கறுப்பரில் நூற்றுக்கு 14 பேருக்கே இந்நோய். அமெரிக்கக் கறுப்பரில் 44 பேருக்கு. ஜெர்மனி வெள்ளையரிலோ 55 பேருக்கு! இரத்தத்தின் குற்றமானால் நைஜீரியாவில் ஏன் இவ்வளவு குறைவு? ஜெர்மானியர் எந்த அடிமைக் கப்பலில் வந்து இறங்கினார்கள்?

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். 2017ல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் வெளியிட்ட இரத்த அழுத்த அட்டவணையில் வயது உண்டு, ஆண் பெண் உண்டு, உயரம் உண்டு. இனத்துக்கு ஒரு கட்டமும் கிடையாது. 3 வயது முதல் வருஷம் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லியிருக்கின்றதேயல்லாமல், தோலைப் பார்க்கச் சொல்லவில்லை.

பார்க்க வேண்டியது சாப்பாட்டையும் விளையாட்டையும். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். பிள்ளைக்கு அதனினும் குறைவு. அந்த உப்போ ரொட்டியிலும் பொட்டலத்து வறுவலிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்து கிடக்கின்றது. காய்கறியும் பழமும் விலை அதிகம், பொட்டலம் மலிவு என்றிருந்தால் ஏழைத் தாய் எதை வாங்குவாள்? 1930களில் கறுப்பர் குடியிருந்த வட்டாரங்களைச் சிவப்பு மையால் குறித்து, அங்கே வீட்டுக் கடன் கிடைக்காமல் செய்தவர்களின் நாட்டில், அந்தத் தெருவில் நல்ல கடையும் விளையாட்டிடமும் இல்லாததற்கு இரத்தமா பொறுப்பாளி?

ஓடியாடுவதும் இப்படியே. பிள்ளைக்குத் தினம் 60 நிமிஷமாவது வேண்டுமென்கின்றது உலக சுகாதார ஸ்தாபனம். லண்டன், பர்மிங்காம், லெஸ்டர் நகரங்களில் 9, 10 வயதுப் பிள்ளைகளைச் சோதித்ததில், நம் தென்னாசியப் பிள்ளைகளே குறைவாக ஓடியாடினார்கள். பெண்பிள்ளைகளோ எல்லா இனத்திலும் ஆண்பிள்ளைகளைவிடக் குறைவு. "பெண்ணுக்கு ஓட்டமென்ன, ஆட்டமென்ன" என்று வீட்டில் உட்கார வைக்கும் நம்மவர் கப்பலேறிப் போயும் அந்தப் புத்தியை விட்டுவிடவில்லை போலும்!

பரிகாரம் இல்லாமலில்லை. பிரிட்டனில் 2003க்குப் பின் ரொட்டி முதலியவற்றில் உப்பைப் படிப்படியாய்க் குறைக்கச் செய்தார்கள். 2011க்குள் ஜனங்கள் உண்ணும் உப்பும் குறைந்தது, சராசரி இரத்த அழுத்தமும் குறைந்தது. ஜனங்கள் ருசி போயிற்றென்று கலகம் செய்யவுமில்லை. பொட்டல வியாபாரிகளை இவ்விதம் கட்டுப்படுத்தாத சர்க்கார்கள், பிள்ளைகளின் பிறப்பைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை உடையவர்கள்?