அரியர் குவிந்த பிறகுதானா அக்கறை?



படிப்பில் பின்தங்கும் கல்லூரி மாணவரை வழிகாட்டி ஆசிரியர் வழியாகக் கண்காணிக்கும் முறை பற்றித் தங்கள் இதழ் வெளியிட்ட கட்டுரை ஏற்கத்தக்கதே. ஆயினும் அம்முறை ஏட்டளவில் நின்றுவிடுவதை அது இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் ‘நாக்’ அமைப்பு, ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கேட்பதால் அந்த விகிதம் பிசகாமல் எழுதப்படுகிறது; வழிகாட்டி ஏட்டிலோ தேதியும் கையொப்பமும் இருக்குமளவுக்கு உரையாடலின் சுவடு இருப்பதில்லை.

கிளியனூர்ப் பகுதியிலிருந்து திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் பேருந்தில் சென்று பயில்வோருள் பலர், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு முதல் பருவத்திலேயே ஆங்கிலப் பாடநூலை எதிர்கொள்வதால், அகமதிப்பீட்டில், அதாவது கல்லூரியே நடத்தும் இடைத்தேர்வில், தடுமாறத் தொடங்குகின்றனர். அப்போது கேட்க ஆளில்லை. ‘அரியர்’ எனப்படும் தேறாத பாடங்கள் இறுதியாண்டில் குவிந்த பின்னரே பெற்றோர் அழைக்கப்படுகின்றனர். துணைவகுப்பு நடந்தாலும், ஊருக்குப் பேருந்து புறப்படும் மாலை வேளையில்தான் நடக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின்வழி மாதம் 1,000 ரூபாய் வழங்கி மாணவரைக் கல்லூரிக்கு வரவழைக்கும் அரசு, வந்தவர் தேறுவதிலும் கருத்துச் செலுத்துவது முறையாகும்.

விழுப்புரம் மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு இணைவு வழங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், முதல் அகமதிப்பீட்டில் தவறியோரின் பட்டியலைப் பத்து நாட்களுக்குள் பெற்று, அவர்களுக்கான துணைவகுப்பைக் கால அட்டவணைக்குள்ளேயே, தமிழ் விளக்கத்துடன் நடத்தப் பணிக்கலாம்.

– வாசகர், கிளியனூர்