அதிவேகப் பாதையின் வாயிலும் மன்னார் வீதியின் இருளும்

மன்னார் மாவட்டத்தில் அதிவேக நெடுஞ்சாலை எதுவும் இல்லை. கட்டணம் அறவிடும் வாயிலும் இல்லை. ஆயினும் அத்தகைய வாயிலொன்றைக் கடந்து செல்லாத மன்னார்க் குடும்பம் இன்று அரிதாகவே இருக்கும். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றிச் செல்லும் வேன், மத்திய கிழக்கு நாடொன்றுக்குப் புறப்படும் மகனுடன் கட்டுநாயக்கவுக்கு விரையும் வேன், உம்ராவுக்குச் செல்லும் பெற்றோரை வழியனுப்ப எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் வாகனங்கள், பேசாலை மீனைப் பேலியகொடைச் சந்தைக்கு விடியுமுன் சேர்க்க வேண்டிய லொறி ஆகியன பெரும்பாலும் இரவிலேயே பயணிக்கின்றன. இவற்றின் சாரதிகள் 300 கிலோ மீற்றருக்கு மேற்பட்ட பயணத்தின் கடைசிக் கட்டத்தில், உறக்கம் கண்ணை அழுத்தும் வேளையில், அதிவேகப் பாதையின் வாயிலை அடைகின்றனர்.

சில மாதங்களுக்கு முன்னர் அவ்வாறான வாடகை வேன் ஒன்றில் பயணம் செய்யும் சந்தர்ப்பம் இக்கட்டுரையாளருக்கும் வாய்த்தது. வெளியேறும் வாயிலை நெருங்கியபோது, வாகனங்கள் குறைவாக நின்ற ஒழுங்கையைக் கண்ட சாரதி அதனுள் வண்டியைச் செலுத்திவிட்டார். அது இலத்திரனியல் முறையில் கட்டணம் செலுத்துவோருக்கான ஒழுங்கை. எமது வேனில் அதற்குரிய கருவி இல்லை. தடுப்புத் தண்டு உயரவில்லை. பின்னால் வந்த கார் ஒலியெழுப்பியது. சாரதி சற்றும் யோசியாமல் வேனைப் பின்னோக்கிச் செலுத்தி, குறுக்காகத் திருப்பி, அடுத்த ஒழுங்கைக்குள் நுழைத்தார். எவருக்கும் எதுவும் நேரவில்லை. அவர் தவறானவரும் அல்லர். மன்னாரிலிருந்து உறக்கமின்றி ஓட்டி வந்தவர். ஆனால் அந்த அரை நிமிடத்தில் பின்னால் ஒரு பாரவூர்தி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை வேனில் இருந்த எல்லோரும் எண்ணிப் பார்த்தோம்.

கட்டண வாயில் ஏன் ஆபத்தான இடம் என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். மணிக்கு 100 கிலோ மீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 28 மீற்றரைக் கடக்கின்றது. அவ்வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிய கண்ணுக்கு 60 கிலோ மீற்றர் வேகம் நடை வேகம் போலத் தோன்றும். தான் போதியளவு வேகத்தைக் குறைத்துவிட்டதாகச் சாரதி நம்புவார். உண்மையில் குறைத்திருக்க மாட்டார். அதே இடத்தில்தான் இரண்டு அல்லது மூன்று ஒழுங்கைகள் ஏழெட்டாக விரிகின்றன. எந்த ஒழுங்கையில் வரிசை குறைவு என்று ஒருவர் பார்க்கிறார். இன்னொருவர் சட்டைப் பையில் நுழைவுச் சீட்டைத் தேடுகிறார். வேறொருவர் கடைசிக் கணத்தில் இடமிருந்து வலம் பாய்கிறார். நெடுஞ்சாலையின் முழு நீளத்திலும் தவிர்க்கப்பட்டிருந்த குறுக்கு ஓட்டங்கள் யாவும் இங்கே சில நூறு மீற்றருக்குள் வந்து குவிந்துவிடுகின்றன.

இது வெறும் கற்பனைப் பயம் அன்று. 2003 ஒக்டோபர் 1ஆம் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அப்பால், கட்டண வாயில் நெரிசலில் வேகம் தணித்த பஸ் ஒன்றின் மீது பின்னால் வந்த பாரவூர்தி மோதியதில் எட்டுப் பெண்கள் உயிரிழந்தனர். சீனாவின் லான்சோ நகருக்கு அருகே 2018 நவம்பர் 3ஆம் திகதி, நீண்ட இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து வந்த பாரவூர்தி கட்டண வாயிலில் காத்துநின்ற வாகனங்கள் மீது மோதி 15 பேரின் உயிரைக் குடித்தது. கர்நாடகத்தின் உடுப்பி மாவட்டத்தில் ஷிரூர் கட்டண வாயிலில் 2022 ஜூலை 20ஆம் திகதி நடந்த விபத்து இவை எல்லாவற்றையும் விட நெஞ்சை உறுத்துவது. நோயாளியுடன் விரைந்து வந்த அம்புலன்ஸ் வண்டிக்கு வழிவிட வேண்டுமென்று ஊழியர்கள் ஓடிச் சென்று, அவசர ஒழுங்கையில் வைக்கப்பட்டிருந்த தடுப்புகளை அகற்றிக்கொண்டிருந்தனர். மழை பெய்த ஈரத் தரையில் வண்டி சறுக்கி வாயிலில் மோதியது, நால்வர் மாண்டனர். அவசர ஒழுங்கை எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும் என்ற சிறிய விதி பின்பற்றப்பட்டிருந்தால் தடுப்பை அகற்ற எவரும் ஓட வேண்டியிருந்திருக்காது.

எமது நாட்டில் தெற்கு அதிவேகப் பாதை 2011 நவம்பர் 27ஆம் திகதியும், கொழும்பு - கட்டுநாயக்க அதிவேகப் பாதை 2013 ஒக்டோபர் 27ஆம் திகதியும் திறக்கப்பட்டன. மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம - குருநாகல் பகுதி 2022 ஜனவரி 15ஆம் திகதி பாவனைக்கு வந்தது. மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம், பாதசாரி எவருக்கும் இப்பாதைகளில் இடமில்லை. உயர்ந்தபட்ச வேகம் மணிக்கு 100 கிலோ மீற்றர். மழை வேளையில் அதனிலும் குறைவு. அனைத்துப் பயணிகளும் ஆசனப் பட்டி அணிய வேண்டும் என்று 2025ஆம் ஆண்டு அரசாங்கம் அறிவித்தது. விதிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை நிறைவேற்றும் இடம் எது என்பதே வினா.

சாதாரண வீதியில் ஓடும் ஒரு வாகனத்தைப் பொலிஸார் நிறுத்த வேண்டுமாயின் ஓர் உத்தியோகத்தர் வீதியில் இறங்கிக் கையுயர்த்த வேண்டும். அதிவேகப் பாதையில் அது தற்கொலைக்கு ஒப்பானது. ஆனால் அதிவேகப் பாதைக்குள் செல்லும் ஒவ்வொரு வாகனமும் தானாகவே இரு தடவை வேகம் குறைக்கின்றது. நுழையும் போது ஒரு தடவை, வெளியேறும் போது ஒரு தடவை. டயர் தேய்ந்திருக்கின்றதா, பின் ஆசனத்தில் இருப்பவர் பட்டி அணிந்திருக்கின்றாரா, பொருள் கட்டிய கயிறு இறுக்கமாக உள்ளதா, சாரதியின் கண் சிவந்திருக்கின்றதா என்பதையெல்லாம் பார்ப்பதற்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. தேய்ந்த டயருடன் வந்த வண்டியை உள்ளே விட்டுவிட்டுப் பின்னர் அதைத் துரத்துவதில் அர்த்தமில்லை. நுழைவாயிலிலேயே திருப்பி அனுப்பினால் அன்றைய பயணம் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான்.

வேகத்துக்கும் இதே வாயில் சாட்சி சொல்லக் கூடியது. நுழைவுச் சீட்டில் நேரம் பதிகின்றது. கட்டணம் செலுத்தும் போது வெளியேறிய நேரமும் பதிகின்றது. கொட்டாவையிலிருந்து காலி பின்னதுவை வரை ஏறக்குறைய 95 கிலோ மீற்றர். அதனை 57 நிமிடத்துக்குள் கடந்த வாகனம் எங்கோ ஓரிடத்தில் 100ஐத் தாண்டியே இருக்க வேண்டும். இதற்குக் கமராவும் தேவையில்லை, சாதாரண வகுத்தல் கணக்கே போதும். இத்தாலியில் இரு புள்ளிகளுக்கிடையிலான சராசரி வேகத்தைக் கணிக்கும் முறை 2005ஆம் ஆண்டிலிருந்தே நெடுஞ்சாலைகளில் நடைமுறையில் உள்ளது. கமராவைக் கண்ட இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து, அதைத் தாண்டியதும் மீண்டும் அழுத்தும் நம்மவர் தந்திரம் அங்கே பலிப்பதில்லை. இங்கும் அத்தகைய சான்றை நீதிமன்றம் ஏற்பதற்குரிய சட்ட ஏற்பாட்டையும் சீரான நடைமுறையையும் ஏற்படுத்துவது போக்குவரத்து அமைச்சுக்கு இயலாத காரியமன்று.

கடலுக்கு அப்பால் தமிழகத்தில் என்ன நடக்கின்றது என்பதையும் பார்க்கலாம். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் செல்லும் நம்மவர், வாகனக் கண்ணாடியில் ஒட்டப்பட்டுள்ள ஃபாஸ்டேக் வில்லையைப் பார்த்திருப்பர். 2021 பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகளில் அது கட்டாயம். இல்லாதவர் இரு மடங்கு கட்டணம் செலுத்த வேண்டும். 2025 நவம்பர் 15 முதல் இவ்விதி சற்றுத் தளர்த்தப்பட்டு, கைத்தொலைபேசி வழியாகப் பணம் செலுத்துவோருக்கு ஒன்றேகால் மடங்கு என்றும், காசாகச் செலுத்துவோருக்கு இரு மடங்கு என்றும் ஆக்கப்பட்டது. வில்லையைக் கண்ணாடியில் ஒட்டாமல் கையில் பிடித்துக் காட்டுவோரின் வில்லையை முடக்கவும் அதே ஆண்டில் உத்தரவிடப்பட்டது. கையில் வைத்துக் காட்டினால் கருவி வாசிக்கத் தாமதமாகும், ஒழுங்கை அடைபடும் என்பதே காரணம். இத்தனை கடுமையும் வரிசையைக் குறைக்கத்தான். வரிசை குறைந்தால் மோதலும் குறையும். எனினும், கட்டணம் தவறினால் உடனே இரு மடங்கு பிடுங்கும் இயந்திரம், உயிருக்கு உலைவைக்கும் ஓட்டத்தைக் கண்டும் காணாமல் தண்டை உயர்த்தி விடுகின்றது என்ற குறை அங்கும் உண்டு. பணம் விடயத்தில் காட்டும் விழிப்பைப் பாதுகாப்பில் காட்டுவதற்கு எந்த நாட்டு நிருவாகமும் தயங்குகின்றது போலும்.

இலத்திரனியல் ஒழுங்கை எது, காசு ஒழுங்கை எது, அட்டை எடுக்கும் ஒழுங்கை எது என்பது வாயிலுக்கு ஐம்பது மீற்றர் முன்னால் தெரிந்து பயனில்லை. ஒரு கிலோ மீற்றருக்கு முன்பே, பின்னர் ஐந்நூறு மீற்றரில், தரையிலும் தலைக்கு மேலும், மூன்று மொழிகளிலும் தெரிய வேண்டும். தமிழ் எழுத்துப் பிழைகள் மலிந்த அறிவிப்புப் பலகைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது எமக்குப் பழகிவிட்டது. ஆனால் மணிக்கு 100 கிலோ மீற்றரில் வரும் சாரதிக்குப் பிழையான பலகையை இரண்டாம் முறை வாசிக்க நேரம் கிடையாது. தவறான ஒழுங்கையில் நுழைந்துவிட்டவரைப் பின்னோக்கிச் செல்லவிடாமல், அங்கேயே வந்து கட்டணத்தைப் பெற்று அனுப்பும் ஊழியர் ஒருவரும் வேண்டும். அவ்வூழியர் ஒழுங்கைகளைக் குறுக்கே கடந்து ஓடாமல் இருக்க வழியும் செய்யப்பட வேண்டும். ஷிரூரில் மோதுண்டவர்களுள் வாயில் ஊழியரும் அடங்குவர்.

வாயிலில் சோதனை என்றதும் எமது மக்களின் மனதில் வேறொரு நினைவு எழுவது இயல்பே. மதவாச்சியில் இறங்கி, பொதிகளைச் சுமந்து நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மறுபுறம் வேறு வாகனம் ஏறிய காலம் இன்னும் மறக்கப்படவில்லை. தள்ளாடியில் வரிசையில் நின்ற முதியவர்கள் இப்போதும் உயிரோடு இருக்கின்றனர். தமிழர், முஸ்லிம் என்ற பேதமின்றி இரு சாராருமே அந்த வரிசைகளில் கால் கடுக்க நின்றவர்கள். ஆகவே வீதிப் பாதுகாப்புக்கான சோதனை வாகனத்தின் டயரையும் பட்டியையும் பார்ப்பதோடு நிற்க வேண்டும். ஆட்களின் பெயரையும் ஊரையும் உடையையும் பார்த்து ஒருவருக்கு ஒரு சட்டம், மற்றவருக்கு வேறு சட்டம் என்ற நிலை ஒருமுறை தோன்றிவிட்டால், நல்ல விதியும் வெறுக்கப்படும். எத்தனையாவது வாகனத்தைச் சோதிப்பது என்பதை எண்ணிக்கை முறையில் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் உத்தியோகத்தரின் விருப்பு வெறுப்புக்கு இடமிராது. தண்டச் சீட்டுத் தமிழிலும் எழுதப்பட்டால் எதற்காகத் தண்டம் என்பதைச் சாரதி தெரிந்துகொள்வார்.

இனி மன்னார் வீதிக்குத் திரும்புவோம். அதிவேகப் பாதையில் கட்டணம் செலுத்துபவருக்கு இருபுறமும் வேலி, நடுவே தடுப்பு, ரோந்து வண்டி, 1969 என்ற அவசரத் தொலைபேசி இலக்கம் ஆகியவை கிடைக்கின்றன. அதே மனிதர் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் நோக்கிச் செல்லும் ஏ14 வீதியில் எதை எதிர்கொள்கின்றார்? செட்டிகுளம், முருங்கன் பகுதிகளில் இருளில் படுத்திருக்கும் மாடுகள். தீவுக்குள் நுழைந்தால் வீதியின் நடுவே அசையாது நிற்கும் கழுதைகள். மன்னார்க் கழுதைகள் சுற்றுலாப் பயணிகளுக்கு வேடிக்கை. இரவில் மோட்டார் சைக்கிளில் வரும் மீனவருக்கு அவை வேடிக்கை அல்ல. 2010 மார்ச் மாதம் புதிய பாலமும் தாம்போதியும் திறக்கப்பட்ட பின்னர் வாகனங்களின் வேகம் கூடியது. வெளிச்சம் அந்த அளவுக்குக் கூடவில்லை. 2021 மார்ச் 16ஆம் திகதி தலைமன்னாரில் ரயில் கடவையில் தனியார் பஸ்ஸும் ரயிலும் மோதிக்கொண்டதில் பாடசாலை மாணவர் ஒருவர் பலியானார். இருபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். அங்கே கட்டணம் அறவிடும் தண்டு எதுவும் தேவைப்படவில்லை. வாகனத்தை நிறுத்தும் ஒரு தடையே அங்கு தேவைப்பட்டது.

இலங்கையில் ஆண்டொன்றுக்கு 2,000க்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கட்டணம் அறவிடாத வீதிகளிலேயே இறக்கின்றனர். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் 20க்கு மேற்பட்டோரையும், அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்லவில் 15 பேரையும் பலிகொண்ட பஸ் விபத்துகள் மலைநாட்டுச் சாதாரண வீதிகளில் நடந்தவை. அதிவேகப் பாதைக்குள் நுழையும் வண்டிக்கு ஆசனப் பட்டி வேண்டும், டயர் நன்றாக இருக்க வேண்டும் என்று கூறும் அரசாங்கம், அதே வண்டி கட்டுநாயக்கவில் வெளியேறிப் புத்தளம் வீதியில் ஏறியதும் அவ்விதிகளை மறந்துவிட அனுமதிக்கலாகாது. பணம் கொடுத்தவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாகப் பாதுகாப்பு ஆகிவிடக் கூடாது.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 15ஆம் திகதி மடுத் திருவிழாவுக்காக நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான வாகனங்கள் வடக்கு நோக்கி வருகின்றன. அதற்கெனப் பொலிஸாரும் வீதி அபிவிருத்தி அதிகார சபையினரும் மாவட்டச் செயலகத்தில் கூடி ஏற்பாடுகளை ஆராய்வது வழக்கம். அடுத்த கூட்டத்தில் மதவாச்சிச் சந்தியில் சாரதிகள் ஒரு மணி நேரம் படுத்து உறங்குவதற்கான தரிப்பிடம் ஒன்றைப் பற்றியும், தாம்போதியின் இரு முனைகளிலும் விளக்குகளைப் பற்றியும் பேசினால் நன்று. அத்தரிப்பிடம் திருவிழா முடிந்த பின்னரும் மூடப்படாமல் இருக்க வேண்டும். கட்டுநாயக்க நோக்கிச் செல்லும் வேன்கள் ஆண்டு முழுவதும் அவ்வழியேதான் போகின்றன.