முதுகில் சொடக்கு எடுத்தால் இடுப்பு வலி போய்விடுமா?

இன்ஸ்டாகிராமில் ஒரு முறை 'இடுப்பு வலி' என்று தேடிவிட்டால் போதும். அடுத்த ஒரு வாரத்துக்கு 'சடக்'குனு சத்தம் வர முதுகை முறுக்கும் ரீல்ஸ்தான் ஃபீடில் வரிசை கட்டும். 'பத்து வருஷ வலி பத்து நிமிஷத்துல போச்சு' என்கிறது கேப்ஷன். கமெண்ட்டில் பலரும் கேட்பது ஒன்றைத்தான்: 'ஒரு சிட்டிங்குக்கு எவ்ளோ ப்ரோ?'

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: 'சிட்டிங் முடிஞ்சதும் வீட்ல நான் என்ன செய்யணும்?'

அந்தச் சத்தம் எதனால்?

மூட்டு சட்டென்று இழுபடும்போது, அதற்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உருவாகிறது. அந்தச் சத்தம்தான் அது. விலகிய எலும்பு இடத்துக்கு வந்துவிட்டதற்கான அடையாளம் இல்லை.

அதற்காக, கையால் செய்யும் சிகிச்சை எல்லாமே டுபாக்கூர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. குறிப்பிட்ட நோய்க் காரணம் இல்லாமல் 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு, உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலி பற்றிய புரிதல், மனநலச் சிகிச்சை ஆகியவற்றோடு, முதுகெலும்பைக் கையால் அசைத்துத் தரும் சிகிச்சையும் மசாஜும் அந்தப் பட்டியலில் உண்டு. இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன் இரண்டும் வழக்கமாகத் தர வேண்டாதவை பட்டியலில் இருக்கின்றன.

எது பெஸ்ட்?

பிரிட்டனில் 1,334 பேரிடம் நடந்த 'பீம்' ஆய்வு 2004-ல் வெளியானது. உடற்பயிற்சி வகுப்புக்கு மட்டும் போனவர்களுக்குக் கிடைத்த சிறு பலன், ஒரு வருடத்தில் மறைந்துவிட்டது. முதலில் கைச் சிகிச்சை, பிறகு உடற்பயிற்சி என்று எடுத்தவர்களுக்கு 3 மாதத்தில் ஓரளவு நல்ல பலன். ஒரு வருடம் கழித்தும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேஜிக் எதுவும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2016-ல் இன்னும் தெளிவாகச் சொன்னது: கைச் சிகிச்சை தருவதாக இருந்தால், உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் தர வேண்டும்.

காரணம் சிம்பிள். வலிக்கும் என்ற பயத்தில் குனிய மாட்டோம், நடக்க மாட்டோம். உடம்பு பலம் இழக்கும். சின்ன வேலைக்கே வலிக்கும். கைச் சிகிச்சை அந்த வலியைக் கொஞ்ச நாள் தணிக்கலாம். அந்தக் கேப்பில் உடம்பை அசைத்துப் பழகாவிட்டால், கொடுத்த காசு அந்தக் கொஞ்ச நாள் சுகத்துக்கு மட்டும்தான்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்?

'டிஸ்க் பல்ஜ்' என்று படித்ததும் பலர் படுத்துவிடுகிறார்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு அது இருந்தது. ரிப்போர்ட்டில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

எந்த உடற்பயிற்சி?

விடாமல் செய்ய முடிகிற எதுவும். நடப்பதே நல்ல தொடக்கம். ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், வலி குணமானவர்களில் ஒரு பிரிவினர் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் நடைப்பயிற்சி செய்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 112 நாளில் வலி திரும்பியது. நடந்தவர்களுக்கு 208 நாள் ஆனது.

உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, விழுந்து அடிபட்ட பிறகு வரும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் யாரையும் முதுகை முறுக்க விடக் கூடாது.

'பத்து சிட்டிங் பேக்கேஜ்' விற்பது எளிது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து, 'இனிமே நீங்க வரத் தேவையில்ல' என்று அனுப்பினால் கிளினிக்குக்கு வருமானம் குறையும். அதனால் நோயாளிதான் கேட்க வேண்டியிருக்கிறது. பேக்கேஜுக்கு ஜிபே செய்வதற்கு முன்னாடியே மூன்று கேள்விகள்: வீட்டில் செய்ய என்ன பயிற்சி தருவீர்கள்? எத்தனை வாரத்தில் முன்னேற்றத்தைப் பார்ப்பீர்கள்? எப்போது சிகிச்சையை நிறுத்துவீர்கள்? இதற்குப் பதில் இல்லாத இடத்தில் பணம் கட்டாமல் இருப்பதே நல்லது.