ஈராசிரியர் பள்ளிகளின் விழாக்காலம்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஆண்டுவிழா நடக்கும்போது ஊரே திரண்டு வருகிறது. தாம்பூலத் தட்டுகளுடன் மேளம் முழங்க ‘கல்விச் சீர்’ வருகிறது: நாற்காலி, பீரோ, மின்விசிறி, நோட்டுகள். தாய்மாமன் சீருக்கு இணையான மரியாதையைப் பள்ளிக்குத் தரும் இவ்வழக்கம் தமிழகக் கிராமங்களின் பெருமை.

மேடையில் கூச்சமின்றிக் கதை சொல்லும் இரண்டாம் வகுப்புக் குழந்தையின் சாதனை, எந்தக் கோப்பைக்கும் குறைந்ததல்ல. வீட்டில் எழுத்தறிந்தவர் இல்லாத குழந்தைக்கு அது நெடும்பயணம். எழுத்தறிவும் எண்ணறிவும் வளர்க்க 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் காலை உணவுத் திட்டமும் அதற்குத் துணைநிற்கின்றன.

ஆனால் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 குழந்தைகள் வரை இரண்டே ஆசிரியர்கள், வகுப்புகளோ ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றால், மற்றவர் ஐந்து வகுப்பையும் தனியே சுமக்கிறார். கைபேசிச் செயலிகளில் விவரம் பதிவு செய்வதும் அவர் வேலைதான். இது அநியாயம்.

உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோரே இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மாற்று ஆசிரியர் வேண்டும் என்பதைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டும். அருகருகே உள்ள பள்ளிகளை இணைக்கும் குறுவளமையம்தோறும் ஒரு மாற்று ஆசிரியரை அரசு வரும் கல்வியாண்டிலேயே நியமிக்க வேண்டும். நாற்காலியை ஊர் வாங்கித் தரும். ஆசிரியரை அரசுதான் தர முடியும்.