ஊரை எங்கிருந்து வரைவீர்கள்?

இந்த இதழின் சிறப்புப் பகுதி வரைபடங்களுக்கானது. கட்டுரைகளைப் படித்து முடித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவேயில்லை: செட்டிநாடு எங்கே முடிகிறது?

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் பகுதி அது. அந்தப் பெயரில் தனி மாவட்டமோ வட்டமோ கிடையாது. ஆனாலும் அங்கே வாழ்பவர்களுக்குத் தங்கள் மண் எதுவென்று தெரியும். கணினிக்குத்தான் திகைப்பு. 1960களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் தொடங்கிவைத்த ஜி.ஐ.எஸ். எனும் புவியியல் தகவல் முறை, நிலத்தைப் பெரும்பாலும் புள்ளியாக, கோடாக, மூடிய வடிவமாகவே பதிந்துகொள்கிறது. உள்ளே அல்லது வெளியே. நடுவில் எதுவும் இல்லை.

இப்படி எல்லை தெளிவில்லாத இடத்தை எப்படிப் பதிவது என்று அறிய, அமெரிக்காவின் சாண்டா பார்பரா நகரில் டேனியல் மான்டெல்லோ, மைக்கேல் குட்சைல்டு முதலிய ஆய்வாளர்கள் தெருவில் போனவர்களிடம் வரைபடத்தைக் கொடுத்து, 'டவுன்டவுன்' என்ற நகர மையப் பகுதி எதுவரை என்று கோடு போடச் சொன்னார்கள். முழு உறுதியோடு சொல்லக்கூடிய எல்லை ஒன்று, பாதி உறுதிதான் என்ற எல்லை இன்னொன்று. 2003இல் ஆய்வு வெளியானது. ஆளுக்கு ஆள் கோடு மாறியது. அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நடுவில் அடர்ந்து, ஓரத்தில் வெளிறிக்கொண்டே போகும் ஓர் இடம் கிடைக்கும். அதையும் கணினியில் ஏற்ற முடியும் என்பதுதான் இதில் நல்ல செய்தி.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. மானுடவியலாளர் வாலன்டைன் டேனியல் தமிழகக் கிராமம் ஒன்றில் தங்கி எழுதிய நூல் 1984இல் வெளிவந்தது. ஊரை வரையச் சொன்னபோது அங்குள்ள மக்கள் எல்லைக்கோட்டில் தொடங்கவில்லை என்கிறார் அவர். நடுவிலிருந்து புறப்பட்டார்கள், விளிம்புக்கு வந்ததும் காவல் தெய்வங்களின் கோயில்களையும் சாலைகள் கூடும் இடங்களையும் குறித்தார்கள். வெளியிலிருந்து தீங்கு நுழையக்கூடிய வாசல்கள் அவை. சர்வே எண்களும் எல்லைக்கற்களும் சொல்லாத ஊர் இது. இதைப் பதியாத எந்த வரைபடத்தையும் முழுமையானது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டாவுக்கும் வரிக்கும் துல்லியமான கோடு வேண்டும்தான். ஆனால் ஆம்புலன்சுக்காக 108ஐ அழைக்கும் பெண் சர்வே எண் சொல்வதில்லை. "அய்யனார் கோயிலுக்கு அந்தாண்ட, பழைய ரைஸ்மில் பக்கம்" என்கிறாள். மில் இடிந்து வெகுகாலம் ஆகியிருக்கலாம், பெயர் மட்டும் நிற்கும். யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் பழைய பெயருக்கும் உள்ளூர் வழக்குக்கும் தனித்தனி இடம் வைத்திருக்கிறார்கள். அதை நிரப்ப அந்த மண்ணில் வாழ்பவர்களால்தான் முடியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். செல்போனைப் பார்க்காமல், ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் ஊரை வரைந்து அனுப்புங்கள். வீட்டில் பாட்டியிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனித் தாள் கொடுங்கள். பேனாவை முதலில் எங்கே வைத்தீர்கள் என்பதையும் மறக்காமல் குறித்துவிடுங்கள். ஒரே ஊரிலிருந்து வருபவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்