கால் பிசகினால் முதல் நாளே எண்ணெய் போட்டு நீவாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் வீடுகளில் யாருக்காவது கால் பிசகினால் முதலில் தேடுவது எண்ணெய்க் கிண்ணத்தை. அடுத்து வெந்நீர். அதற்கடுத்து, "சுளுக்கு எடுக்கிறவர் ஊர்ல இருக்காரா?" என்று ஒரு போன். ஐஸ் வைக்கலாமே என்று யாராவது சொன்னால், "வேணாம்மா, நீர் கோத்துக்கும், சளி பிடிக்கும்" என்று பெரியவர்கள் தடுத்துவிடுகிறார்கள். சளி கிருமியால் வருவது. கணுக்காலில் பத்து நிமிடம் ஐஸ் வைப்பதால் வராது.

எங்கள் உறவில் ஒரு பெண் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் மடங்கி விழுந்தாள். நல்லெண்ணெயைச் சூடாக்கி நீவினார்கள், காலைப் பிடித்து இழுத்தார்கள், உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தார்கள். அவள் அலறியபோது "சுளுக்கு விடுது, பொறுத்துக்கோ" என்றார்களாம். மூன்றாம் நாள் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் முறிவு. நீவியதால்தான் முறிந்தது என்று நான் சொல்லவில்லை. முறிந்த எலும்பின் மேல் மூன்று நாள் நீவியிருக்கிறார்கள் என்பதுதான் என் கோபம். அத்தனையும் பாசத்தில் செய்தது, அதனால் யாரையும் திட்டவும் முடியவில்லை.

அடிபட்டதும் தோலுக்கு அடியில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் கிழிந்து ரத்தமும் நீரும் கசிகின்றன. அதுதான் வீக்கம். சூடு பட்டால் குழாய்கள் விரிந்து கசிவு கூடலாம். குளிர் பட்டால் சுருங்கும், நரம்பும் கொஞ்சம் மரத்து வலி குறையும். அதனால் முதல் இரண்டு நாள் குளிர் ஒத்தடம்தான் சரி.

படித்த பிள்ளைகள் சிலர், "டீச்சர், இப்ப ஐஸே வேண்டாம்னு சொல்றாங்களே" என்று கேட்கிறார்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978-இல் தன் புத்தகத்தில் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் அவரே சொன்னதும் உண்மைதான். ஆனால் வலி தணிய முதலில் கொஞ்ச நேரம் வைப்பதை அவரும் மறுக்கவில்லை. நாள் முழுக்க வைத்துக்கொண்டே இருக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஐஸ் கட்டியை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது, தோல் புண்ணாகும். பாலிதீன் பையில் ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, மெல்லிய ஈரத் துண்டில் சுற்றி, பத்து பதினைந்து நிமிடம் வையுங்கள். இருபது நிமிடம் தாண்ட வேண்டாம். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம். காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். எங்கள் பள்ளியில் ஃப்ரிட்ஜ் ஏது? விளையாடி விழுந்த பிள்ளைகளுக்கு மண்பானைத் தண்ணீரில் நனைத்த கைக்குட்டைதான். உங்களில் பலர் நெற்றியில் அது இருந்திருக்கிறது!

அடிபட்டவர் நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டாலே துடித்தாலோ எக்ஸ்ரேதான். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதிகளில் இந்த இரண்டும் உண்டு. இன்றும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

வெந்நீர் ஒத்தடத்துக்கு நான் எதிரி இல்லை. நாள்பட்ட இடுப்புப் பிடிப்பு, கழுத்துப் பிடிப்புக்கு அதுதான் சுகம். நொச்சி இலை ஒத்தடத்தை நானே விட்டுக்கொடுக்க மாட்டேன். தீக்காயத்துக்கு மட்டும் ஐஸும் வேண்டாம், சூடும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓட விடுங்கள்.

என் வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் காலில் ஐஸும் வைக்காதீர்கள், வெந்நீரும் ஊற்றாதீர்கள். தோல் வெந்தாலும் விறைத்தாலும் உங்களுக்குத் தெரியாது.